முதல் பிளேட்டில் ஒரு சுழி

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கிற அச்சகத்தில் ஓர் அறை உண்டு. அதற்குள் நுழைந்தால் என் நெற்றிக் குங்குமம் கறுப்பாகத் தெரியும். கழுத்து மஞ்சள் கயிறு வெளுத்துப்போன நூல் மாதிரி இருக்கும். அறை முழுக்க மஞ்சள் விளக்கு, ஜன்னலுக்கும் மஞ்சள் தாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் அச்சுப் பிளேட் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. மிஷின்மேன் அண்ணன் எட்டிப் பார்த்தால், "என்ன தங்கச்சி, மாரியம்மன் கோயிலுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு" என்பார்.

அந்த அறைதான் என் இடம். கம்ப்யூட்டரில் ஒழுங்கு பண்ணின பக்கம் கம்பி வழியாக ஒரு பெட்டி மிஷினுக்கு வரும். அதற்குள் நான் ஓர் அலுமினியத் தகட்டை வைப்பேன். ஊதா நிற லேசர் ஒளி தகட்டின் மேல் ஓடி, எழுத்தையும் படத்தையும் பதித்துவிடும். பிறகு அதைக் கழுவி எடுத்தால் பிளேட் தயார். அதை மிஷின்மேன் அண்ணன் அச்சு மிஷினில் மாட்டி மை போட்டு ஓட்டுவார். நான் பத்தாவது வரைதான் படித்தவள். லேசர் எப்படி எழுதுகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கழுவுகிற வேலை மட்டும் நன்றாகத் தெரியும். என் கை அதில்தான் போனது.

அப்போதெல்லாம் டெவலப்பர் என்கிற கெமிக்கலில்தான் கழுவுவோம். தொட்டால் சோப்பு மாதிரி வழுவழு என்று இருக்கும், சோப்பு என்று நினைத்து ஏமாந்தால் தோலை உரித்துவிடும். முதலாளி கையுறை வாங்கித்தான் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு மெல்லிய தகட்டைப் பிடித்தால் வழுக்கும், அதனால் கழற்றி வைத்துவிடுவேன். தப்பு என்னுடையதுதான். விரல் நுனியெல்லாம் வெடித்து, சாம்பார் பட்டால்கூட சுரீர் என்று எரியும். ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு பிசைந்து உருண்டை பிடித்து ஆளுக்கொரு உருண்டை கையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் பிள்ளைகள் இரண்டும், "நீ பிசையாதம்மா, கை நாறுது, அப்பா பிசையட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற மனுஷன் பிசைந்த சோற்றைத் தின்றார்கள், நான் பிசைந்ததைத் தின்னவில்லை.

அதைவிட ஒன்று. குரும்பலூரில் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை அருகம்புல் மாலை கட்டுவது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி மாலையை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள். அடுத்த வாரம் நான் போவதற்கு முன்னால் அவளே கட்டி முடித்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் முதலாளி புதுப் பிளேட் கொண்டுவந்தார். முதலாளி என்றால் வயதில் என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோடையில் பிளேட் கழுவத் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதும், கெமிக்கல் தண்ணீர் ஓடும் பின்பக்கச் சாக்கடையோரம் வைத்த தென்னம்பிள்ளை மூன்றாவது தடவையாகப் பட்டுப்போனதும் அவருக்குச் சலித்துவிட்டது. திருச்சியிலிருந்து பிளேட் கம்பெனியின் சர்வீஸ் தம்பி வந்து, பழைய கழுவும் மிஷினை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தார்.

"அக்கா, இனிமே டெவலப்பர் கிடையாது. லேசர் முடிஞ்சதும் பிளேட்ட இதுல விடுங்க. உள்ள கோந்துத் தண்ணி மட்டுந்தான். அதுவே வேண்டாதத எடுத்துடும், அதுவே பிளேட்டுக்குக் காப்பாவும் நிக்கும்."

"கெமிக்கலே இல்லியா தம்பி?"

"கை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். கை பிசுபிசுத்தது, அவ்வளவுதான். எரியவில்லை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மஞ்சள் வெளிச்சத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மிஷின்மேன் அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. பழைய பிளேட்டில் எழுத்து பளிச்சென்று தெரியும். இதில் மங்கலாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "இது என்ன பிளேட்டா, பேயா? ஆளு இருக்கு, உருவம் தெரியல" என்பார். முதலாளி ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார். டெவலப்பர் கேன்கள் இரண்டு சீல் உடைக்காமல் படிக்கட்டின் கீழே உட்கார்ந்திருந்தன. போகும்போதும் வரும்போதும் அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டேன். இந்தப் பிளேட் நிலைத்துவிட்டால் பதினோரு சிதறுதேங்காய்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "பதினொண்ணா? ஒண்ணோட நிறுத்தப்படாதா? லேசரு, கம்ப்யூட்டருன்னு இவ்ளோ வந்தப்புறமும் அவருக்குத் தேங்காதானா?" என்றார்.

"உங்க லாரி முன்னாடி எலுமிச்சம்பழம் எதுக்குத் தொங்குது?"

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். காலையில் அச்சகம் திறந்ததும் முன்பக்கம் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றுவது என் பொறுப்பு. நல்லெண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி, கும்பிட்டுவிட்டு, அதே விரலோடு மஞ்சள் அறைக்குள் போவேன். அன்றைய முதல் பிளேட் லேசர் பெட்டியிலிருந்து வந்ததும், கழுவப் போவதற்கு முன்னால், மேல் மூலையில் விரலால் ஒரு பிள்ளையார் சுழி போடுவேன். கீழே இரண்டு கோடு. நோட்டில் எழுதினாலும், மளிகைச் சீட்டு எழுதினாலும் சுழி போட்டுத்தானே தொடங்குகிறோம், பிளேட் மட்டும் என்ன பாவம் செய்தது? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் தெரியாது. டெவலப்பரும் பிரஷ்ஷும் அதைச் சுத்தமாகத் தேய்த்துக்கொண்டு போய்விடும். அது எனக்கும் சாமிக்கும் மட்டுமான கணக்காக இருந்தது.

புதுப் பிளேட் வந்தபிறகு இன்னும் பக்தியோடு போட்டேன். நேர்த்திக்கடன் வேறு இருக்கிறதே. விளக்கில் விரலை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தொட்டுக்கொண்டு போனேன்.

மூன்று வாரத்தில் என் விரல் வெடிப்பு மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் என் கையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். உருண்டை வைத்தேன். சாப்பிட்டாள். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அரியலூரிலிருந்து வாத்தியார் வந்து இறங்கினார். பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், கறுப்புச் சட்டை போடுகிறவர். மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம், பத்திரிகையை எங்களிடம்தான் அடித்துக்கொண்டு போயிருந்தார். முதலாளியின் மேஜையில் இரண்டு பத்திரிகையை அருகருகே வைத்தார்.

"இது ஒண்ணு. இது ஒண்ணு. என்ன வித்தியாசம்னு சொல்லுங்க."

முதலாளி பார்த்தார். மிஷின்மேன் அண்ணன் பார்த்தார். நான் தேநீர் தம்ளரை வைக்கிற சாக்கில் பார்த்தேன். ஒன்றின் மேல் மூலையில் வெளிர் நீலத்தில் ஒரு சுழி. வாலைக் கொஞ்சம் நீட்டித்தான் நான் இழுப்பேன். நீட்டி இழுத்திருந்தது.

வாத்தியார் சொன்னார்: "எம் பொண்ணு கல்யாணம். ஐயர் இல்ல, தாலி இல்ல, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்ல. பத்திரிகையில மட்டும் புள்ளையாரு வந்து ஒக்காந்திருக்காரு. அவர யாரு கூப்பிட்டது?"

"சார், அது கறை சார். பிளேட்டுக் கறை" என்றார் முதலாளி.

"கறைக்கு வால் இருக்குமா? கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கு பாருங்க."

மிஷின்மேன் அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், நான் முன்னாடியே ரெண்டு மூணு தடவ இதப் பாத்திருக்கேன். கம்பெனி முத்திரைன்னு நெனச்சேன்" என்றார். "ஓரத்துலதான் வரும், வெட்டுற மிஷின்ல போயிடும். அதான் சொல்லல."

விஷயம் அதுதான். வழக்கமாக என் சுழி காகிதத்தின் ஓரத்தில் விழுந்து வெட்டுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாத்தியாரின் பத்திரிகையைக் காகிதம் வீணாகாமல் இருக்க நாலு நாலாக ஓரம் வரைக்கும் நெருக்கி வைத்திருந்தார்கள். அதனால் நாலில் ஒரு பத்திரிகைக்குப் பிள்ளையார் கிடைத்துவிட்டார். மங்கலான பிளேட் என்பதால் மஞ்சள் வெளிச்சத்தில் எனக்கும் தெரியவில்லை.

"வேற அடிச்சுத் தரேன் சார், எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க" என்று முதலாளி கும்பிட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னக்கா இது?" என்றார்.

"தெரியலியே சார்" என்றேன்.

சொன்ன மறுநொடி பிள்ளையார் படத்தைப் பார்த்தேன். அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. கேட்டதற்கு அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை அனுப்பிவிடுவார் என்ற பயம். சொல்லாமல் சுழி போடுவதை மட்டும் நிறுத்திவிட்டால் கறை தானாகப் போய்விடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று ஒரு குறுக்கு யோசனையும் வந்தது. மறுநாளிலிருந்து விளக்கேற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போனேன். பிளேட்டெல்லாம் சுத்தமாக வந்தன.

அதுதான் வினையாகப் போயிற்று.

சர்வீஸ் தம்பி திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். உருளையைக் கழற்றினார், கோந்துத் தண்ணீரை மாற்றினார், வோல்டேஜ் பார்த்தார். பழைய பிளேட்டுகளை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "சார், ஒவ்வொரு நாளும் முதல் பிளேட்டுல மட்டுந்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம கூட இல்ல!" என்றார்.

"ஞாயித்துக்கெழம லீவுய்யா" என்றார் மிஷின்மேன் அண்ணன்.

"சரி, இப்ப நாலு நாளா ஏன் வரல?"

"சாமி மலையேறிட்டாரு போல."

நான் மூலையில் நின்று தகடுகளை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முதலாளி தீர்மானமாகச் சொன்னார்: "கறை வந்ததுக்கும் காரணம் தெரியல, போனதுக்கும் காரணம் தெரியல. திருமானூர்க் கோயில் திருவிழா போஸ்டர் வருது, பள்ளிக்கூட வேல வருது. எதுல எப்பத் திரும்ப வரும்னு பயந்துகிட்டே ஓட்ட முடியாது. திங்கக்கெழம பழைய மிஷினையே வெச்சுடுவோம்." பிறகு என்னிடம், "அக்கா, படிக்கட்டுக்குக் கீழ இருக்குற ரெண்டு கேனையும் உள்ள எடுத்து வெச்சுடுங்க" என்றார்.

போனேன். குனிந்து ஒரு கேனின் காதைப் பிடித்தேன். பிடித்த கையைப் பார்த்தேன். அந்தக் கை அப்போதுதான் ஒரு மனுஷியின் கை மாதிரி ஆகியிருந்தது.

கேனை அங்கேயே விட்டுவிட்டு முன்பக்கம் வந்தேன். அந்த நேரம் பார்த்து வாத்தியாரும் வந்து உட்கார்ந்திருந்தார், புதிதாக அடித்த பத்திரிகையை வாங்கிப்போக. முதலாளி, மிஷின்மேன் அண்ணன், சர்வீஸ் தம்பி, வாத்தியார், படத்தில் பிள்ளையார். இதைவிடப் பெரிய பஞ்சாயத்து இனிக் கிடைக்காது என்று தோன்றியது.

"சார், காரணம் நாந்தான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. விளக்கில் விரலைத் தொட்டேன். "உள்ள வாங்க" என்று முன்னால் நடந்தேன். எல்லாரும் என் பின்னால் மஞ்சள் அறைக்குள் வந்தார்கள். அந்த வெளிச்சத்திலும் வாத்தியாரின் கறுப்புச் சட்டை கறுப்பாகவே இருந்தது. ஒரு பிளேட்டை லேசர் பெட்டியில் ஓட்டி எடுத்தேன். மேல் மூலையில் சுழி போட்டேன், கீழே இரண்டு கோடு. கோந்து மிஷினில் விட்டேன். மிஷின்மேன் அண்ணன் வாங்கிக்கொண்டு போய் மாட்டி நாலு தாள் ஓட்டினார். நாலிலும் பிள்ளையார் சுழி.

சர்வீஸ் தம்பிதான் முதலில் சத்தம் போட்டார். "எண்ணெ! சார், எண்ணெ! பழைய மொறையில டெவலப்பர் அடிச்சுத் தூக்கிடும். இதுல கோந்து மெதுவா வேல செய்யிது, எண்ணெ பட்ட எடத்துல அத உள்ள விடல. அக்கா, ரெண்டு நாளா என்னப் பைத்தியக்காரனாக்கிட்டீங்களே!"

முதலாளி என்னை முறைத்தார். "கேட்டப்ப தெரியலன்னு சொன்னீங்களேக்கா."

"பொய் சொன்னேன் சார். இவரு முன்னாடியே சொன்னேன்" என்று முன்பக்கம் படம் இருந்த திசையைக் காட்டினேன்.

முதலாளி மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். வகுப்பில் முதல் தடவையாக ஒரு பிள்ளை சரியான பதில் சொன்னதுபோல ஒரு வெளிச்சம்.

"எந்த எண்ணெம்மா?"

"நல்லெண்ணெ சார்."

"தண்ணில தொட்டுப் போட்டா வருமா?"

"வராதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கப்படாது. செஞ்சு பாக்கணும்."

வாத்தியார் முதலாளியைக் கேட்கவேயில்லை. கெட்டுப்போன பழைய பிளேட்டுகளில் ஒன்றிரண்டை எடுத்துத் தரச் சொன்னார். அதில் ஆகாது சார், கழுவாத பிளேட்தான் வேண்டும் என்று சர்வீஸ் தம்பி தன் பையிலிருந்து இரண்டு சாம்பிள் பிளேட்டை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் தொட்டு நான் போட்ட சுழி வரவில்லை. அடுத்ததற்கு வாத்தியார் விறுவிறு என்று முன்பக்கம் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, கறுப்புச் சட்டைக்காரர் பிள்ளையார் விளக்கில் விரலை விட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு வந்தார்.

"சார், விளக்குல கை வெச்சுட்டீங்க" என்றார் மிஷின்மேன் அண்ணன், பரம சாதுவாக.

"எண்ணெல கை வெச்சேன். விளக்குல இல்ல."

"பக்கத்துலதான் அவரும் இருந்தாரு."

"நீ மிஷினப் பாருய்யா."

வாத்தியார் ஒரு வட்டம் போட்டார். வட்டம் அழகாக அச்சில் வந்தது. தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பாத்தியாம்மா? புள்ளையாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எண்ணெ. எழுதுனது நானா இருந்தாலும் வருது."

"அவருக்கு நீங்க நாங்கன்னு வித்தியாசம் கெடையாது சார்" என்றேன். வாயைக் கட்டியிருக்கலாம். ஆனால் அவர் சிரித்துவிட்டார்.

முதலாளி இன்னும் சிரிக்கவில்லை. அவரை வெளியே வெள்ளை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுப்போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "சார், எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. என்ன வேணா திட்டுங்க. அந்தக் கேன மட்டும் உள்ள எடுக்கச் சொல்லாதீங்க."

அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முன்பு எப்படி இருந்தது என்று அவருக்கும் தெரியும். "இவ்வளவு இருந்தா கையுறை போடறதுக்கென்னக்கா?" என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, "வெளக்கேத்துனா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் மஞ்ச ரூமுக்குள்ள போகணும். பிளேட்டுல வெரல் படக்கூடாது. சாமி கும்புடறதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம்" என்றார்.

"சரிங்க சார்."

"சுழி போடாம இருக்க முடியுமா உங்களால?"

யோசித்துப் பார்த்தேன். இன்னொரு பொய் வேண்டாம் என்று, "பிளேட்டுப் பெட்டி மேல போட்டுக்கலாமா சார், அட்டைதானே" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

டெவலப்பர் கேன்களை சர்வீஸ் தம்பி தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். நாலு தாளில் ஒன்றையும் சுருட்டிக்கொண்டார், கம்பெனியில் காட்ட வேண்டுமாம். பிள்ளையார் திருச்சிக்கும் போய்விட்டார்.

வாத்தியார் கிளம்புகிறபோது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, சுழி விழுந்த பத்திரிகையத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்கல்ல. அது முடியாது" என்றார்.

"ஏன் சார்?"

"வூட்டுல அத மட்டும் பொறுக்கி எடுத்து மீன்சுருட்டிக்கு அனுப்பிட்டாங்க. பொறந்த வூட்டு சனத்துக்கு. ஒண்ணு வுடாம." பையைக் கை மாற்றிக்கொண்டு, "இன்னும் பத்து கெடைக்குமான்னு வேற கேட்டாங்க. நான் கேக்கல. அவங்க கேட்டாங்க" என்றார்.

அதிகப்படியாக அடித்து மேஜைக்கு அடியில் ஒதுக்கியிருந்த பழைய கட்டுக்குள் சுழி விழுந்தது பத்து இருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். அவர் அது என்ன என்று பார்க்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதினோரு தேங்காயும் வெள்ளிக்கிழமை உடைத்தேன். வீட்டுக்காரர்தான் சாக்கில் தூக்கி வந்தார். அருகம்புல் மாலையை நான் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள், பிறகு நேரே குருக்களிடம் கொடுத்தாள்.

அரியலூர்க் கல்யாணத்துக்கும் போனேன். வாத்தியார் பத்திரிகை வைத்திருந்தார், சுழி இல்லாதது. மேடையில் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பந்தியிலிருந்து எழுந்ததும் வாத்தியாரின் மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைதானா?" என்றார். தலையாட்டினேன். இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிரிக்காமலே தெரிந்தது, குங்குமம்.

வாத்தியார் பத்தடி தள்ளி நின்று இதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டு விடைபெற்றபோது சத்தமாகச் சொன்னார்:

"போறப்ப கையக் கழுவிட்டுப் போம்மா. வடையில எண்ணெ ஜாஸ்தி."